நாலு லிட்டர் புது ஆயில்

சூடாக இருக்கும்போதே திறந்துவிட வேண்டும் என்று முப்பத்தோரு வருடம் பாலிடெக்னிக் வகுப்பில் சொல்லியிருக்கிறேன். பத்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, ஆயில் இளகியிருக்கும்போதே, அழுக்கெல்லாம் அதில் மிதந்துகொண்டிருக்கும்போதே திறந்துவிட வேண்டும், ஆறவிட்டால் பாதி உள்ளேயே படிந்துவிடும், எழுதிக்கொள்ளுங்கள். எழுதிக்கொண்டார்கள். இப்போது கார் ஷெட்டின் குழிக்குள் நின்று, தலைக்கு ஒரு சாண் மேலே எஞ்சினின் அடிவயிற்றில் ஆயிலை அடைத்திருக்கும் அந்த ஒற்றைத் திருகை, ட்ரெயின் பிளக்கைப் பார்த்துக்கொண்டே நிற்கிறேன், எஞ்சின் ஆறிக்கொண்டிருக்கிறது, எங்கோ உலோகம் சுருங்கி டிக் டிக்கென்கிறது, கையில் ஸ்பானர் வியர்க்கிறது. ஸ்பானர் எங்கே வியர்க்கும், கைதான். "தொறந்துட்டியா அம்மிணி?" என்று மேலேயிருந்து லோகு அண்ணன் கேட்கிறார். "இதோ ஆச்சுங்ணா" என்கிறேன். ஆகவில்லை. குழிக்குள்ளிருந்து அவருடைய இரண்டு ஷூக்கள் மட்டும்தான் தெரிகின்றன. வலது ஷூ விரல் மடங்கும் இடத்தில் சுருங்கிச் சுருங்கி வெடித்திருக்கிறது. இடது ஷூவில் ஒரு சுருக்கம்கூட இல்லை, அதற்குள் இருப்பது செய்து மாட்டிய கால், மடங்காது. எழுபத்திரண்டு வயது அண்ணன், அறுபத்தாறு வயது தங்கை, நடுவில் அறுபத்திரண்டாம் வருடத்து இரண்டு இருக்கைப் பந்தயக் கார், சிவப்பு. மூன்று பேரும் கிழம்தான், ஆனால் மூன்றாவதுதான் சரியாகப் பராமரிக்கப்பட்டது. வழக்கமாக ஆயில் மாற்றும் யாசின், மகளைப் பிரசவத்துக்குச் சேர்த்திருப்பதாக நேற்று போன் செய்தான். அடுத்த ஞாயிறு மாத்திக்கலாமே என்றேன். "உன்னைய விட யாருக்குத் தெரியும், நீயே மாத்து" என்றார் அண்ணன், மிகச் சாதாரணமாக, காப்பிக்குச் சர்க்கரை போடு என்பதைப் போல. நாற்பத்தேழு வருடமாக நான் எந்த வண்டியின் ட்ரெயின் பிளக்கையும் தொட்டதில்லை என்பது அவருக்குத் தெரியாது. தெரியாது என்றுதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

ஆறு வருடமாகக் கேட்கிறார். காலையில் முதலில் ஸ்டார்ட் செய்யும்போது எஞ்சின் தலையில் டேப்பெட் கடகடவென்கிறது, ஆயில் மேலே ஏற நேரமாகிறது, சின்தெடிக் ஆயில் போட்டால் உடனே ஏறுமாமே, படித்தேன், அம்மிணி நீ என்ன சொல்ற. நான் வேண்டாம் என்றேன். வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் என்னிடம் ஏராளம் உண்டு, காரணங்கள் சொல்லித்தான் சம்பளம் வாங்கினேன். இந்த எஞ்சினின் பின்பக்க சீல் அந்தக் காலத்தது, முறுக்கிய கயிறு மாதிரி, அதன் இடுக்குகளை இத்தனை வருட அழுக்குதான் அடைத்து வைத்திருக்கிறது, புது ஆயில் அழுக்கைக் கரைத்துவிடும், கரைத்தால் ஒழுகும். ஆயில் ஒழுகவைப்பதில்லைங்ணா, ஒழுகற இடத்தக் காட்டிக் குடுக்குது, அவ்வளவுதான். இது ஒரு காரணம். இந்தக் கால ஆயிலில் துத்தநாகம் குறைவு, பழைய டேப்பெட்டுக்கு அது வேண்டும், இல்லாவிட்டால் டேப்பெட்டைத் தள்ளும் கேம் தண்டு தேயும். இது இன்னொன்று. அண்ணன் துத்தநாகம் தூக்கலாக உள்ள, பழைய எஞ்சினுக்கென்றே செய்த, கெட்டியான சின்தெடிக்கைத் தேடிப் பிடித்தார். எஞ்சினைப் பிரித்து அழுக்கெடுத்து சீலையும் மாற்றச் சொல்லி யாசினிடம் கொடுத்தார், அதற்கு ஐந்து மாதம் ஆனது. ஒவ்வொரு காரணமாகப் பிடுங்கி எறிந்துவிட்டு, போன ஞாயிறு ஆயில் டப்பாவை என் முன் வைத்து, "இன்னும் என்ன இருக்குது சொல்லு" என்றார். என்ன இருக்கிறது. ஒன்றுமில்லைங்ணா என்றேன். கைதான் இருக்கிறது, என்னுடைய இந்த வலது கை. திருகு. இடப்பக்கமாகத் திருகு. ஸ்பானரை மாட்டினேன், வரவில்லை, உடம்பு பூராவும் கொடுத்து இழுத்தேன், நறுக்கென்று விட்டது. யாசின் நன்றாகத்தான் இறுக்கியிருக்கிறான், எப்போதும் நன்றாகத்தான் இறுக்குவான், ஒவ்வொரு முறையும் அவன் போன பிறகு ஏதோ சாக்குச் சொல்லி குனிந்து பார்த்துவிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன். விரலால் சுற்றிச் சுற்றிக் கழற்றினேன். கடைசிப் புரி விடும்போது வெதுவெதுப்பாகக் கையெல்லாம் வழிந்து முழங்கை வரை ஓடியது, சட்டென்று கையை இழுத்துக்கொண்டேன், கறுப்பாகக் கம்பி போல நேராகப் பாத்திரத்துக்குள் விழ ஆரம்பித்தது. "சத்தம் கேக்குது" என்றார் அண்ணன். "ஆமாங்ணா." "நெறம் எப்பிடி?" "கறுப்புங்ணா." "நெகுநெகுன்னு இருக்குதா, மண்ணாட்டமா?" விரல் நுனியில் தேய்த்துப் பார்த்தேன். "நெகுநெகுன்னுதான் இருக்குதுங்." நல்லது என்பதுபோல வலது ஷூ ஒருமுறை தரையைத் தட்டியது.

வடியட்டும். அவசரப்படக்கூடாது. கம்பி மெலிந்து நூலாகும், நூல் அறுந்து சொட்டாகும், சொட்டுக்கும் சொட்டுக்கும் இடையில் ஒரு மூச்சு விடலாம், பிறகு இரண்டு மூச்சு. நாற்பத்தேழு வருடத்துக்கு முன், இதே வண்டியில், அன்றைக்கு இவ்வளவு நேரம் இல்லை. பயிற்சி ஓட்டத்துக்கும் பந்தயத்துக்கும் நடுவில் ஐம்பது நிமிடம்தான். சென்னைக்கு வடக்கே யுத்த காலத்தில் போட்ட பழைய விமான ஓடுதளம், தை மாசம், ஆனாலும் பத்து மணிக்கே காங்கிரீட் கொதித்தது. எனக்குப் பத்தொன்பது. எஞ்சினியரிங் இரண்டாம் வருடம், வகுப்பில் நாங்கள் இரண்டே பெண்கள். அப்பாவுக்குப் பீளமேட்டில் பம்ப்செட் பட்டறை, வார்ப்படத் தூசிக்குள் வளர்ந்தவள்தான், இருந்தாலும் பந்தயத்துக்குப் பொட்டப் பிள்ளையா என்றார், அண்ணன்தான், "இவதான் என்ற மெக்கானிக்கு, இவ வரலீன்னா நானும் போகல" என்று சொல்லிக் கூட்டி வந்தார். அப்போதெல்லாம் பந்தயத்துக்கு விளக்கெண்ணெயில் செய்த ஆயில் ஊற்றுவார்கள், சூட்டுக்கு நன்றாகத் தாங்கும், மற்ற ஆயிலோடு சேராது, அதனால் பழையதைச் சுத்தமாக வடித்துவிட வேண்டும். சின்ன வயதில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பேதிக்கு ஊற்றிவிடுவார்களே, அதே வாசம்தான், எரிந்த வாசம். அந்த மைதானம் முழுக்க அந்த வாசம். வண்டிக்கு அடியில் மல்லாந்து படுத்துக்கொண்டு வடித்தேன், வாஷரைத் துடைத்தேன், பிளக்கை விரலால் சுற்றி ஏற்றினேன், ஸ்பானரை எடுத்து மாட்டினேன். மாட்டினேன், அது நிச்சயம். ஒரு கால் சுற்று இழுத்தேனா. அப்போதுதான் ஒருவர் குனிந்து, "நீங்கதான் மெக்கானிக்கா? ஒரு படம் எடுத்துக்கறோம், பத்திரிகைக்கு" என்றார், சென்னைப் பேச்சு, வெள்ளைத் தொப்பி. இதோ வர்றேன் என்று சொல்லியிருக்கலாம். ஒரு நிமிசம் பொறுங்க, இறுக்கிட்டு வர்றேன் என்று சொல்லியிருக்கலாம். நான் சொன்னது, "மூஞ்சில அழுக்கா இருக்குதுங்களே." அவர் சிரித்து, "அப்படியே இருக்கட்டும், அதுதான் நல்லா இருக்கும்" என்றார். நான் எழுந்து வந்தேன். கூந்தலை ஒதுக்கினேன். கையில் ஏதாவது பிடிச்சுக்கோங்க என்றார், ஸ்பானரைப் பிடித்துக்கொண்டேன். பிளக்கிலிருந்து கழற்றிக்கொண்டு வந்த அதே ஸ்பானரை. படம் பிடித்தார்கள், இன்னொன்று, பக்கவாட்டில் ஒன்று, எந்த ஊரு, எத்தனை வயசு, பயமா இல்லையா. பயமில்லைங்க. பிறகு திரும்பிப் போய் நேராக மூடியைத் திறந்து விளக்கெண்ணெய் ஆயிலை ஊற்றினேன். நேராகவா. நடுவில் ஒருமுறை அடியில் படுத்து இறுக்கினேனா. இறுக்கியதாக ஒரு ஞாபகம் இருக்கிறது. ஆனால் அந்த ஞாபகத்தில் நான் மாட்டியிருக்கும் சட்டை வேறு, அது வீட்டு ஷெட்டில் வேறொரு நாள் இறுக்கியது. நாற்பத்தேழு வருடமாக இந்த ஒரு நிமிடத்துக்குள் போய்ப் போய்த் தேடியிருக்கிறேன், சமையலறையில், பஸ்ஸில், பரீட்சைத் தாள் திருத்தும்போது, மகளுக்குக் காய்ச்சலில் துணி நனைத்துப் போடும்போது. ஒவ்வொரு முறையும் தொப்பிக்காரர் குனிகிறார், நான் எழுந்து வருகிறேன்.

"சொட்டுதா இன்னும்?" "சொட்டுதுங்ணா." ஒன்பதாவது சுற்றில்தான் நடந்தது. நேர்கோட்டுக் கடைசியில், அண்ணன் இரண்டாவதாக வந்துகொண்டிருந்தார், முதல் வண்டிக்கும் அவருக்கும் இடையில் இரண்டு வண்டி தூரம்கூட இல்லை. நான் தார் டிரம்மின் மேல் ஏறி நின்று கத்திக்கொண்டிருந்தேன். ஒரு சத்தம், இரும்பு இரும்பைக் கவ்விக்கொள்ளும் சத்தம், அதைப் பிற்பாடு எவ்வளவோ தடவை வகுப்பில் விளக்கியிருக்கிறேன். இரண்டு உலோகங்களுக்கு நடுவில் தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு கனத்துக்கு ஆயில் நிற்கிறது, அது இருக்கும்வரை அவை ஒன்றையொன்று தொடுவதேயில்லை, அது போய்விட்டால் ஒட்டிக்கொள்கின்றன. அப்படி எஞ்சின் இறுகி, பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டு, வண்டி குறுக்கே திரும்பி மணல் மூட்டைகளைத் தாண்டிப் போய்ச் சுவரில் இடித்தது. முன்பக்கம் நசுங்கி உள்ளே வந்ததில் இடது கால் பெடலோடு சேர்ந்து மாட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். வண்டியைக் கோயமுத்தூருக்கு லாரியில் கொண்டு வந்தபோது ஆயில் தொட்டி இரண்டாகப் பிளந்திருந்தது, பிளக் இருந்த துண்டே இல்லை, இடித்ததில் உடைந்ததா, அதற்கு முன்பே ஆயில் போய்விட்டதா என்று யாராலும் சொல்ல முடியவில்லை. என்னை யாரும் கேட்கவுமில்லை. அப்பா வண்டியைக் காய்லாங்கடைக்குப் போடு என்றார், அண்ணன் கட்டிலில் படுத்துக்கொண்டே அதை நிமிர்த்தச் சொன்னார். ஒரு வாரம் கழித்து என் படத்தோடு பத்திரிகை வந்தது. அண்ணன் அதை வெட்டிச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினார். என் கல்யாணத்தன்று மாப்பிள்ளை வீட்டாருக்கு அதைத்தான் முதலில் காட்டினார், எங்க அம்மிணி, பாருங்க. எல்லோரும் என் சிரிப்பைப் பார்த்தார்கள். நான் மட்டும் படத்தில் என் கையைத்தான் பார்த்தேன், அது அந்த நேரத்தில் எங்கே இருந்திருக்க வேண்டும் என்று. எண்பத்தொன்றில் கியர் தண்டிலேயே ஒரு நெம்புகோலைப் பொருத்திக் கையாலேயே கிளச் பிடிக்கும்படி நான்தான் வரைந்து செய்துகொடுத்தேன். அதை ஒரு வருடம் செய்தேன். அவர் மறுபடி வண்டி எடுத்த அன்று ஊரே என்னைப் புகழ்ந்தது, அண்ணனுக்காக என்னவெல்லாம் செய்கிறாள் இந்தப் பொண்ணு. அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். அப்பா இறந்த அன்று, அண்ணி இறந்த அன்று, என் ஓய்வு விழாவில் அவர் மேடையேறிப் பேசிய அன்று. ஒவ்வொரு நாளும் முந்தைய நாளைவிடச் சொல்வதற்குக் கடினமாக இருந்தது.

நின்றுவிட்டது. இரண்டு நிமிடமாகச் சொட்டு இல்லை. துடைத்தேன், புது வாஷர் போட்டேன், பிளக்கை விரலால் ஏற்றினேன், டார்க் ரெஞ்சை மாட்டி இழுத்தேன், அளவு வந்ததும் டக்கென்றது. போதும், இதற்கு மேல் இறுக்கினால் புரி போய்விடும், அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லியிருக்கிறேன். டக். இன்னொரு முறை. டக். ஏறி வந்துவிட்டேன், நாலு படி ஏறிய பிறகு, டக் என்று கேட்டது இப்போதா அல்லது கேட்க வேண்டும் என்று நினைத்ததால் கேட்டதா என்று தோன்றியது. திரும்ப இறங்கினேன். "என்ன அம்மிணி?" "ஒண்ணுமில்லைங்ணா, ரெஞ்ச வெச்சுட்டு வந்துட்டேன்." டக். பிறகு ஃபில்டரை மாற்றி, மேலே வந்து புனல் வைத்து ஊற்றினேன். இளமஞ்சள், வாசமே இல்லை, வாசம் இல்லாதது எவ்வளவு நிம்மதி. நாலு லிட்டர், ஊற்ற ஊற்ற அண்ணன் பக்கத்தில் நின்று புனலைப் பார்த்துக்கொண்டிருந்தார், வெயில் அதில் பட்டு அவர் கன்னத்தில் ஆடியது, அவருக்கு எவ்வளவு வயதாகிவிட்டது. "நீங்க ஸ்டார்ட் பண்ணுங்ணா, நான் கீழ போயி ஒழுகுதான்னு பாக்கறேன்" என்றேன். அவர் கதவைப் பிடித்து, கால்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்து உள்ளே உட்கார்ந்தார். நான் குழிக்குள் இறங்கினேன்.

எஞ்சின் பிடித்தது. அந்தக் கடகடப்பு இல்லவே இல்லை. "அறுவது காட்டுது!" என்று கத்தினார் மேலேயிருந்து, பிரஷர் ஊசியைச் சொல்கிறார், சின்னப் பையன் மாதிரி. நான் டார்ச்சைப் பிளக்கில் அடித்தேன். காய்ந்திருந்தது. பின்பக்க சீல் காய்ந்திருந்தது. எல்லாம் காய்ந்திருந்தது, நன்றாக இருந்தது, என் கை இறுக்கியது தாங்குகிறது, அப்படியென்றால் அன்றைக்கும், இல்லை, அப்படியெல்லாம் ஆகாது, இன்றைக்கு இறுக்கியது அன்றைக்கு இறுக்கியது ஆகாது. குழி முழுக்கச் சத்தம், நெஞ்சுக்கூட்டுக்குள் எஞ்சின் ஓடுகிற மாதிரி, என் குரல் எனக்கே கேட்காது. அந்தத் தைரியத்தில்தான் சொன்னேன். அண்ணா, அன்னைக்கு நான் பிளக்க இறுக்கல. சத்தமாகவே சொன்னேன். போட்டோ எடுக்கறாங்கன்னு எந்திரிச்சுப் போயிட்டேன். இறுக்காமப் போயிட்டேன். சொன்னதும் கண்ணை மூடிக்கொண்டேன், தலைக்கு மேல் எஞ்சின் சீராக ஓடிக்கொண்டிருந்தது, வாய் விட்டுச் சொல்லிவிட்டேன், யாருக்கும் கேட்கவில்லை, இது போதும் போலிருந்தது. எஞ்சின் நின்றது.

"என்ன சொன்ன?" என்றார். குருவி ஒன்று ஷெட் தகரத்தின் மேல் நடப்பது கேட்டது. ஒண்ணுமில்லைங்ணா, எங்கயும் ஒழுகலைன்னேன். இந்த வாக்கியம் வாயில் தயாராக இருந்தது, நாற்பத்தேழு வருடப் பழக்கம். அதை விழுங்கினேன். "அன்னைக்குப் பிளக்க இறுக்குனனான்னு எனக்குத் தெரியாதுங்ணா. இறுக்கலைன்னுதான் நெனைக்கறேன்." கதவு திறந்தது, செய்த கால் முதலில் தரையில் வைக்கப்படும் சத்தம், பிறகு மற்றது. "மேல வா" என்றார். ஏறிப் போனேன். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றார், என்னைப் பார்க்கவில்லை, திறந்திருந்த கதவின் வழியாக டயல்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஏழாவது சுத்துல ஊசி விழுந்துச்சு" என்றார். எனக்குப் புரியவில்லை. "வளைவுல திரும்பறப்ப ஊசி கீழ விழுந்துட்டு மறுபடி ஏறுச்சு. எட்டாவதுல விழுந்தது பாதிதான் ஏறுச்சு. ஆயில் போயிட்டிருக்குதுன்னு தெரியும். ஆக்சிலேட்டர்ல இருந்து காலை எடுத்திருந்தா எஞ்சின் மட்டும் போயிருக்கும்." "ஏனுங்ணா எடுக்கல?" என்று கேட்டேன், கேட்டது என் குரல்தானா என்று தெரியவில்லை. "முன்னால ஒருத்தந்தான் இருந்தான்" என்றார். பிறகு, "டாக்டரு வந்து காலு போயிருச்சுன்னு சொன்னப்ப நான் கேட்ட மொத கேள்வி, வண்டி என்னாச்சுன்னுதான். உனக்குத் தெரியுமே. எல்லாரும் அழுதாங்க, பையனுக்கு வண்டி மேல எவ்வளவு பிரியம்னு. நான் பிரியத்துல கேக்கல. பிளக்கு இருக்குதான்னு தெரியோணும்னு கேட்டேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. தெரிந்து, அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டினாரா. இதைத்தான் கேட்க நினைத்தேன், கேட்டது வேறு. "அப்ப என்ற தப்பு இல்லைங்களா?" கேட்டதும் கூசியது, பத்தொன்பது வயதுக்காரி கேட்ட மாதிரி இருந்தது. அண்ணன் திரும்பிப் பார்த்தார். "நான் அப்பிடிச் சொல்லல" என்றார். "உன்ற தப்பும்தான். என்ற தப்பும்தான். ராத்திரி காலு கட்டையில வலி எடுக்கறப்பெல்லாம் உன்னைய நெனச்சு வைவேன். வஞ்சு முடிச்சதும் ஊசி ஞாபகத்துக்கு வரும். நீ வந்து சொன்னா நானும் சொல்லிப்போடலாம்னு இருந்தேன். நீ சொல்லல. நீ சொல்லாத வரைக்கும் எனக்கும் சொல்ல வேண்டியதில்லாம இருந்துச்சு." "அந்தப் போட்டோவ..." என்று ஆரம்பித்தேன். "அது உன்னையக் குத்தோணும்னுதான் மாட்டுனேன்" என்றார் அண்ணன். "மொதல்ல அதுக்குத்தான். அப்பறம், அதுல நீ நல்லா இருந்த. கழட்ட மனசு வரல." என் உள்ளங்கையில் புது ஆயில் பிசுபிசுத்தது. அழ வேண்டும் என்று தோன்றியது, வரவில்லை, பாரம் இறங்கியதா, புதிதாக ஏறியதா என்று தெரியவில்லை. நாற்பத்தேழு வருடம் நான் ஒரு அறையில் தனியாக இருந்ததாக நினைத்தேன், அதே அறையின் இன்னொரு மூலையில் அவரும் உட்கார்ந்திருந்திருக்கிறார், விளக்கைப் போட இருவருக்கும் பயம்.

"ஏறு, ஒரு சுத்து போயிட்டு வரலாம். ஆயில் சூடாகட்டும்" என்றார். ஏறினேன். கேட்டைத் தாண்டி, மில் சந்து தாண்டி, அவினாசி ரோட்டில் ஏறினோம். ஞாயிற்றுக்கிழமை எட்டு மணி, பாலத்துக்கு அடியில் இளநீர் வண்டிகள், சர்ச்சுக்குப் போகும் ஒரு குடும்பம் மூன்று பேராக ஒரே ஸ்கூட்டரில். காற்றில் என் நரைமுடி வாயில் புகுந்தது, ஒதுக்கவில்லை. அவர் இடது கை நெம்புகோலைப் பிடிப்பதும் விடுவதுமாக இருந்தது, கையின் மேல் நரம்புகள் எழுந்து அடங்கின. என்ன நினைக்கிறார். இனிமேல் என்னைக் கூப்பிடுவாரா. ஞாயிறு காப்பிக்கு வரச்சொல்வாரா, அல்லது இதோடு சரியா, இந்த வயதில் இப்படி ஒன்று ஆனால் அப்புறம் நேரமும் கிடையாதே, ஏன் சொன்னேன், சொல்லாமலே இருந்திருந்தால் அடுத்த ஞாயிறும் வந்திருக்கும், அதற்கடுத்ததும். லட்சுமி மில் சிக்னலில் நின்றோம். பக்கத்தில் பைக்கில் வந்து நின்றவர் குனிந்து, "ஏனுங்க, எந்த வருசத்து வண்டிங்க?" என்றார். "அறுவத்திரண்டு" என்றார் அண்ணன். "சூப்பருங்க, சத்தமே இல்லையே" என்றார் அவர். அண்ணன் தலையை ஆட்டினார். பிறகு, முன்னால் பார்த்துக்கொண்டே, எனக்கு மட்டும் கேட்கும்படி, "எனக்கு இன்னிக்குத்தான் அம்மிணி நெசமாக் கோவம் வருது. இத்தன நாள் வந்ததெல்லாம் வேற" என்றார். "செரிங்ணா" என்றேன். "என்ற மேலயும் வருது. ரெண்டையும் பிரிக்கத் தெரியல." "செரிங்ணா." "ரெண்டு மூணு நாளைக்கு வராத. போனும் பண்ணாத." தலையை மட்டும் ஆட்டினேன். வண்டிகள் நகர ஆரம்பித்தன. அவர் நெம்புகோலை அழுத்திக் கியரைப் போட்டார். "வியாழக்கிழமை வா" என்றார். "காலைலீங்களா, சாயங்காலமுங்களா?" என்று கேட்டேன். பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனது. அது போகும் வரை பொறுத்து, "மத்தியானம். சாப்பிடாம வா" என்றார்.